சுவைப்பவர் சொல்லும் பறிப்பவர் சொல்லும்

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கொழும்பிலிருந்து தவறாமல் வரும் ஒரு தாள் உண்டு. தரகர் நிறுவனத்தின் சுவை அறிக்கை அது. முன்னர் தபாலில் வந்தது. இப்போது மின்னஞ்சலில் வருகிறது. தொழிற்சாலை அனுப்பிய ஒவ்வொரு இன்வாய்சுக்கும் ஒரு வரி: காய்ந்த தூளின் தோற்றம், வடித்தபின் மிஞ்சும் இலையின் நிறம், சாயத்தின் சுவை, கடைசியில் எதிர்பார்க்கக்கூடிய விலை. ‘பிரைட்’, ‘பிரிஸ்க்’ என்று இருந்தால் டீமேக்கருக்கு அன்று நிம்மதி. ‘ஸ்டூவி’, ‘பேக்கி’, ‘நார் மிகுதி’ என்று இருந்தால் பெரியதுரை ஸ்டோருக்கு வந்துவிடுவார். (தோட்டத்து மக்கள் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நானும் இனி அப்படியே சொல்கிறேன்.)

வாடிக்கையாளரின் கருத்தைக் கேட்டுப் பொருளைத் திருத்துவது அண்மைக்கால நிர்வாகவியல் கொண்டுவந்த புதுமை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. கண்டி ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகளில் புறப்படும் நேரத்தில் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். இல்லையென்றால் கைப்பேசியில் நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். அந்தப் படிவம் யார் மேசைக்குப் போகிறது, அதைப் படித்தபின் எந்த ஒழுகும் குழாய் சரியாகிறது என்பது எழுதியவருக்கு ஒருபோதும் தெரிய வராது. அதே நகரைச் சூழ்ந்த மலைகளில், சுவைத்தவரின் நாக்கையும் இலையை வாட்டுகிறவரின் கையையும் இணைக்கும் ஏற்பாடு ஒன்று 140 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அது ஏன் வேலை செய்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்ற இரண்டையும் பார்த்தால், கருத்துக் கேட்பது பற்றி வணிகப் பள்ளிகள் சொல்லாத சில விஷயங்கள் தெரியவரும்.

தொடக்கம் ஹேவாஹெட்ட மலையில். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்து லூல்கந்துரத் தோட்டத்தில் கோப்பி பயிரிட்டவர். பேராதனைப் பூங்காவிலிருந்து வந்த விதைகளைக் கொண்டு 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டு வருடம் கழித்து, 1869இல், கோப்பி இலையில் மஞ்சள் நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டில் கோப்பி இருந்த இடத்தில் தேயிலை நின்றது. டெய்லருக்குத் தேயிலை செய்யத் தெரியாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, பறித்த கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி மூட்டிக் கம்பித் தட்டில் காயவைத்துப் பார்த்தார். இந்தியத் தேயிலைப் பகுதிகளிலிருந்து வந்துபோன தோட்டக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முறையை மாற்றினார். 1872இல் ஒழுங்கான ஸ்டோர் ஒன்றை அமைத்தார். லூல்கந்துரத் தேயிலை முதன்முதலில் விற்பனையானது அதே ஆண்டில், கண்டியில். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது.

இலங்கைத் தேயிலையின் முதல் வாடிக்கையாளர்கள் கண்டி நகரத்தவர்கள் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. லூல்கந்துரவிலிருந்து மலையிறங்கினால் எட்டும் தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். குடித்துவிட்டு முகம் சுளித்தால் அடுத்த நாளே டெய்லருக்குத் தெரிந்திருக்கும். லண்டன் அப்படியில்லை. பெட்டி கப்பலேறி, மின்சிங் லேன் தரகர்கள் சுவைத்து, ஏலம் போய், பதில் கடிதம் மலைக்கு வந்து சேர மாதங்கள் ஓடும். அதற்குள் மழை மாறியிருக்கும், கவாத்து நடந்திருக்கும், கொழுந்தே வேறாயிருக்கும். சென்ற பருவத்துச் சாயத்தில் இருந்த குறைக்கு இந்தப் பருவத்துக் கொழுந்தில் மருந்து தேட முடியாது. 1883 ஜூலை 30ஆம் தேதி கொழும்பில் முதல் பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்ததை வணிக வரலாற்றில் ஒரு மைல்கல்லாகச் சொல்வார்கள். என் பார்வையில் அதன் பெரிய விளைவு, விற்பனை கிட்ட வந்ததைவிடக் குறை சொல்லும் வாய் கிட்ட வந்ததுதான். மாதங்கள் வாரங்களாகச் சுருங்கின. லண்டன் ஏலம் 1998 ஜூனில் மூடப்பட்டது. கொழும்பு ஏலம் இன்றும் நடக்கிறது. 2020 ஏப்ரலில் நோய்த்தொற்று முடக்கத்தின்போது கூவி விற்கும் முறையை விட்டுக் கணினிக்கு மாறியது.

சுவைப்பவரின் மேசைக்கு வருவோம். வெள்ளைப் பீங்கான் மூடிக்கோப்பைகள் நீள வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே எடை தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1980இல் இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்ற விதியை வெளியிட்டது: 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். பிரித்தானியத் தர நிறுவனத்தின் இதே வகை விதிக்கு 1999இல் ‘இக் நோபல்’ என்ற கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். தேநீர் போட ஆறு பக்க விதியா என்று உலகம் கேட்டது. ஆனால் ருசியான தேநீர் போடச் சொல்லித்தரும் விதி இல்லை அது. இரண்டு ஸ்டோர்களின் தேயிலையை, அல்லது ஒரே ஸ்டோரின் இரண்டு வாரத் தேயிலையை, ஒப்பிட வேண்டுமானால் தூளைத் தவிர மற்ற எதுவும் மாறக்கூடாது. கருத்து என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று சொல்லிக் கைவிட்டுவிடாமல், வேறுபாட்டுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக அடைத்த பிறகு நாக்கைக் கேட்கிறார்கள். விடுதிப் படிவத்தில் இல்லாதது இந்த ஒழுங்கு.

சுவைஞர் கரண்டியால் சாயத்தைச் சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்புகிறார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகள். அவர் சொல்லும் வார்த்தைகளை வெளியாள் கேட்டால் வைன் குடிப்பவர்களின் பாசாங்கு போலத் தோன்றலாம். அப்படி இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஸ்டோரின் ஏதோ ஒரு மாடியையோ இயந்திரத்தையோ சுட்டுகிறது.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். அதை மேல்மாடித் தொட்டிகளில் பரப்பிக் காற்றுவிட்டு இரவோடிரவாக வாட்டுவார்கள். வாட்டல் போதாவிட்டால் ரோலரில் இலை முறுகாது, சாறு வழிந்துவிடும், சாயத்தில் ஒரு பச்சை வாடை நிற்கும். ரோலரில் உடைந்த இலையைப் பரப்பிவைக்கும்போது காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகிறது. அந்த நேரம் குறைந்தால் கைப்பு, கூடினால் சாயம் மந்தம். பிறகு டிரையர். உள்ளே போகும் காற்று 90 பாகை செல்சியசைத் தாண்டியிருக்க வேண்டும். வெளியே வரும் தூளில் 3 சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் மிஞ்சலாம். சூடு குறைந்தோ, இலையைத் தடிப்பாகப் பரப்பியோ ஓடவிட்டால், ஈரச் சூட்டில் இலை காய்வதற்குப் பதிலாக வேகும். அதுதான் ‘ஸ்டூவி’. சூடு மிஞ்சினால் ‘பேக்கி’. ‘ஸ்மோக்கி’ என்று வந்தால் சூளையின் புகைக்குழாயில் எங்கோ வெடிப்பு என்று அர்த்தம். டீமேக்கர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. ‘நார் மிகுதி’ என்றால் ஒன்று சலிப்பறையில் குறை, இல்லாவிட்டால் மலையில் முற்றிய இலை பறிபட்டிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, குறையின் பெயருக்குள்ளேயே காரணத்தின் முகவரியும் இருப்பது. ‘பிடிக்கவில்லை’, ‘பரவாயில்லை’, ‘ஐந்துக்கு மூன்று’ என்ற மாதிரிக் கருத்துகள் சொல்பவரின் மனநிலையைக் காட்டும்; செய்பவரின் கைக்கு எதையும் தராது. தேயிலைத் தரகர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்த சொற்களோ, சுவைஞரும் ஸ்டோர்க்காரரும் சேர்ந்து பழகிய பொதுப் பாஷை. ஆய்வுகூடமும் இதைப் பெருமளவு உறுதிசெய்தது. 1950களில் ஈ.ஏ.எச். ரொபர்ட்ஸ் கறுப்புத் தேயிலையின் தீஃப்ளவின் என்ற பொருளை அடையாளம் கண்டார். சாயத்தின் பொலிவுக்கும் நாக்கில் படும் துடிப்புக்கும் அதன் அளவோடு தொடர்பு இருப்பது பின்னர் தெளிவாயிற்று. மத்திய ஆபிரிக்கத் தேயிலையை ஆராய்ந்தவர்கள், தரகர் போடும் விலை மதிப்பும் தீஃப்ளவின் அளவும் ஒன்றோடொன்று நடப்பதைக் கண்டார்கள். வாசனையால் விலைபோகும் உயர்மலைப் பருவத் தேயிலைக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே இன்றும் மூக்கே நீதிபதி.

இன்னொன்று, அறிக்கை ‘உங்கள் தேயிலை’ என்று பொதுவாகப் பேசுவதில்லை. இன்ன இன்வாய்ஸ், இன்ன தரம் என்று எண்ணோடு வருகிறது. ஸ்டோரில் பதிவேட்டைப் புரட்டினால் அது எந்த நாளில் செய்தது, அன்று எத்தனை மணிக்கு வாட்டல் தொடங்கியது, டிரையர் எந்தச் சூட்டில் ஓடியது என்று தெரியும். நல்ல தோட்டங்களில் ஒவ்வொரு காலையும் முந்திய நாள் உற்பத்தியைப் பெரியதுரையும் டீமேக்கரும் தாமே சுவைத்துப் பார்ப்பார்கள். கொழும்பு சொல்வதற்கு முன்பே பாதி தெரிந்திருக்கும். வோல்ட்டர் ஷூஹார்ட் அமெரிக்காவில் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டை 1920களில் எண்ணியல் கலையாக்கினார். அவருடைய சிந்தனையை எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். செய், பார், திருத்து, மறுபடி செய் என்ற அந்தச் சுழற்சியை உலகம் அதன்பிறகுதான் போற்றத் தொடங்கியது. அதே சுழற்சி கண்டி மலைகளில் பெயரில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் விற்பனையாளரின் முகவர். விலை கூடினால் அவர் தரகும் கூடும். பல ஸ்டோர்களுக்கு அவரே முன்பணமும் தருகிறார். குறை சொல்பவரே கடன் கொடுத்தவராகவும் இருப்பது விசித்திரமான உறவு. ஆனால் அந்த உறவினால்தான் அவர் பூசி மெழுகாமல் எழுதுகிறார் என்று நினைக்கிறேன். கெட்ட தேயிலை அவருடைய பணத்தையும் சேர்த்து மூழ்கடிக்கும்.

இவ்வளவு நன்றாக இருக்கும் ஏற்பாட்டில் கண்டித் தேயிலை மட்டும் ஏன் பின்தங்கியது? ஹந்தானை மலையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பழைய ரோலர்களையும் டெய்லரின் பொருள்களையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கட்டடமே ஒரு தகவல்: 1925இல் கட்டிய ஸ்டோர் அது. இயங்காமல் கிடந்து, 2001இல் அருங்காட்சியகமானது.

இலங்கைத் தேயிலை வளரும் உயரத்தை வைத்து மூன்றாகப் பிரிபடும். 2,000 அடிக்குக் கீழே தாழ்நிலம், 4,000 அடிக்கு மேலே உயர்நிலம், இடையில் உள்ளது நடுநிலம். கண்டித் தேயிலை பெரும்பாலும் இந்த நடுநிலம். அடர்த்தியான சாயம், செம்பு நிற இலை, நல்ல வலு. உயர்நிலத்தின் வாசனை இதற்கில்லை. பெரிய இலைத் தரங்களை விரும்பும் மத்திய கிழக்கும் ரஷ்யாவும் வாங்கத் தொடங்கியபோது, தாழ்நில ஸ்டோர்கள் அந்தக் கண்ணுக்கேற்ற முறுகிய கறுப்பு இலையைச் செய்யப் பழகின. இன்று நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 60 சதவீதம் தாழ்நிலத்துடையது. கண்டிக்கும் அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. வாசனை போதாது என்று ஒருவர், இலைத் தோற்றம் போதாது என்று இன்னொருவர். இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் நிற்பவனுக்கு இருவர் சொல்வதும் குறையாகவே கேட்கும். உன் வலுவை விரும்பும் மூன்றாம் ஆள் ஒருவர் எங்கோ இருக்கிறார், அவரைத் தேடு என்று எந்தச் சுவை அறிக்கையும் சொல்லாது. வாங்குகிறவர்களின் கருத்து, இன்னும் வாங்காதவர்களைப் பற்றி மௌனம்தான்.

தோமஸ் லிப்டன் வேறு மாதிரி யோசித்தார். 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாப் பக்கம் தோட்டங்கள் வாங்கிய அவர், பிரித்தானியாவின் ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடுவதைக் கவனித்து, அந்தந்த ஊரின் தண்ணீருக்குப் பொருந்தும் கலவை தம்மிடம் உண்டு என்று விளம்பரம் செய்தார். சுவைஞரைத் தாண்டிக் குடிப்பவரின் அடுப்படி வரைக்கும் போன பார்வை அது.

நிர்வாகமும் ஒரு காரணம். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவை கம்பனிகளின் பொறுப்புக்குப் போனபோது, கண்டி, மாத்தளை நடுநிலத் தோட்டங்கள் பல அரசு நிறுவனங்களிடமே தங்கிவிட்டன: ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ. முதலீடு வரண்ட தோட்டத்துக்கு அறிக்கை வந்தும் பயனில்லை. புகைக்குழாயில் வெடிப்பு என்று தாள் சொல்லும். மாற்றப் பணம் இருக்காது. அடுத்த வாரமும் ‘ஸ்மோக்கி’ என்றே எழுத வேண்டிவரும். கேட்பதற்கும் திருத்துவதற்கும் நடுவே ஒரு கருவூலம் இருக்கிறது.

சில வேளை வாடிக்கையாளர் சொல்வது சொல்லின் பொருளில் இராது. 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. ஒரு சரக்கில் கப்ரா வண்டு அகப்பட்டது என்பது காரணம். ஸ்டோர்களில் பூச்சியைத் தேடிச் சுத்தம் செய்தால் போதும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் அப்போது இலங்கை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்திருந்தது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் நாடு. கொழும்பு அந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட்டது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. வண்டு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அந்த முறைப்பாட்டைச் சுவைஞரின் அகராதியை வைத்துப் படித்திருந்தால் ஒன்றும் விளங்கியிருக்காது.

ஜப்பானின் முறைப்பாடு நேரானது. 2015இல் இலங்கை கிளைபொசேட் களைக்கொல்லியைத் தடைசெய்தது. மலைச் சரிவில் களை எடுக்க ஆள் போதாத தோட்டங்கள் வேறு மருந்தைத் தேடின, எம்.சி.பி.ஏ. பாவனைக்கு வந்தது. ஜப்பான் அதற்கு மிகச் சிறிய எச்ச அளவையே அனுமதித்தது. சரக்குகள் சிக்கலில் மாட்டின. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபொசேட் தடை தளர்த்தப்பட்டது. தோட்டக்காரர்கள் முதலிலேயே சொன்னதை டோக்கியோவின் ஆய்வுகூடம் சொன்ன பிறகுதான் கொழும்பு கேட்டது.

2021இல் இதைவிடப் பெரிதாக நடந்தது. இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டபோது, விளைச்சல் விழும் என்று பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தவர் எச்சரித்தனர். வெளிப்படையாகப் பேசிய பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சின் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார். தேயிலைச் செடி உடனே முறையிடாது. பழைய உரத்தின் மிச்சத்தில் சில மாதம் துளிர்க்கும். 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. முன்கூட்டிச் சொன்ன வாயை மூடிவிட்டுச் செடி சொல்லும் வரை காத்திருந்தால் பதில் ஒரு வருடம் பிந்தி வருகிறது, அதுவும் திருத்த முடியாத அளவுக்கு.

பொருளியலாளர் அல்பேர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய ‘வெளியேற்றம், குரல், விசுவாசம்’ என்ற சிறு நூல் இந்த இடத்தில் உதவுகிறது. ஒரு நிறுவனம் சீரழியும்போது அதனோடு உறவுள்ளவர்களுக்கு இரண்டு வழி: விட்டுப் போவது, அல்லது நின்று பேசுவது. நைஜீரியாவில் ரயில் சேவை மோசமாக இருந்தது, லொறிகள் வந்தன. போட்டி வந்தால் ரயில் திருந்தும் என்பது பாடநூல். ரயில் திருந்தவில்லை. உரக்கக் கத்தக்கூடிய வாடிக்கையாளர்களே முதலில் லொறிக்குப் போய்விட்டதால், நிர்வாகத்தின் காதில் விழுவதற்கு யாரும் மிஞ்சவில்லை என்று கண்டார் அவர். கொழும்பு ஏலத்தில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. விலை இறங்குவது வெளியேற்றத்தின் சாயல். எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. தரகர் அறிக்கை குரல். ஏன் என்பதை அது சொல்லும். இவ்விரண்டும் ஒரே இன்வாய்சில் ஒட்டியிருப்பதே இந்த ஏற்பாட்டின் பலம்.

ஸ்டோரின் வாசலோடு அந்தப் பலம் முடிந்துவிடுகிறது.

வாசலுக்கு வெளியே முதலில் இருப்பவர் சிறு தோட்டக்காரர். இன்று இலங்கைத் தேயிலையில் நான்கில் மூன்று பங்கு அளவுக்குச் சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது. கம்பளை, நாவலப்பிட்டி, ஹேவாஹெட்டப் பக்கங்களில் வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் கொழுந்தை லொறிக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கான விலை, ஸ்டோரின் நிகர விற்பனைச் சராசரியை வைத்து வகுத்த சூத்திரப்படி கிடைக்கிறது: 68 பங்கு கொழுந்து தந்தவருக்கு, 32 பங்கு ஸ்டோருக்கு. நியாயமான பங்கீடுதான். ஆனால் சராசரி என்ற சொல்லுக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பார்த்துப் பறித்தவரும், கையில் அகப்பட்டதை உருவிப் போட்டவரும் ஒரே மூட்டையில் கலந்து ஒரே விலை வாங்குகிறார்கள். கொழும்பு சுவைஞரின் பாராட்டோ வசையோ இருவருக்கும் சமமாகப் பிரிந்து, யாருக்கும் எதையும் சொல்லாத எண்ணாகி வருகிறது. தேயிலைச் சபை கொழுந்தைச் சிறந்தது, நடுத்தரம், மட்டம் என்று எண்ணிப் பிரித்து, சிறந்தது 60 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இந்த மங்கலைப் போக்கத்தான். எண்ணிப் பார்க்கும் இடத்தில் விலையும் அதற்கேற்பப் பிரியாத வரை, அது அறிவுரையாகவே இருக்கும்.

அடுத்து, தோட்டத்தில் பறிக்கும் பெண். சுவைஞர் ‘முற்றல் இலை, நார்’ என்று எழுதியது அவர் வரைக்கும் வந்து சேரும். ஆனால் வார்த்தையாக வராது. தராசடியில் கழிவாக வரும். தண்ணீருக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு, கரட்டு இலைக்கு இவ்வளவு என்று கிலோ குறையும். அன்றைய நிறை தோட்டம் வைத்த அளவை எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். லண்டன், மொஸ்கோ, கொழும்பு என்று நாகரிகமான சொற்களாகப் பயணித்த கருத்து, கடைசிப் படியில் தண்டனையாகிவிடுகிறது. காரணமும் விளக்கமும் வழியிலேயே கழன்றுபோகின்றன.

இதில் அநியாயத்தோடு மடமையும் கலந்திருக்கிறது. இலை ஏன் முற்றுகிறது? ஒரு மலையை ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். ஆள் குறைந்து, ரவுண்டு பத்துப் பன்னிரண்டு நாளாக இழுபட்டால், எந்தக் கை பறித்தாலும் முற்றலே வரும். ரவுண்டைத் தீர்மானிப்பது துரையும் கணக்கப்பிள்ளையும். கூலி கணக்கிடுவது நிறையை வைத்து. முற்றிய இலை நிறை கூட்டும். நிறைக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு மென்மையைக் கேட்கிறார்கள். எந்த மலை எப்போது முற்றப்போகிறது, எந்தச் செடி வங்கி விழுந்து, துளிர் நின்று கிடக்கிறது, எங்கே கவாத்து பிழைத்திருக்கிறது என்று முதலில் தெரிவது நாள் முழுக்கச் செடிக்கு நடுவில் நிற்பவருக்குத்தான். அந்தத் தகவல் மேலே ஏறுவதற்குப் பாதை கிடையாது. ‘மலை முத்திப்போச்சு ஐயா’ என்று கங்காணியிடம் சொல்லலாம். அதை யாரும் எந்தத் தாளிலும் எழுதிக்கொள்வதில்லை.

தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்தன. சம்பளத்துக்கும் லயத்துக்கும் கொடுத்தன. கொழுந்தின் தரம் பற்றிப் பேசும் இடம் அவற்றுக்கும் தரப்படவில்லை, அவையும் கேட்கவில்லை. சம்பளத்துக்காகப் பேசியதற்கே என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை ஹேவாஹெட்டப் பகுதி அறியும். லூல்கந்துர இருக்கும் அதே மலைத்தொடரில் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது 16 சதச் சம்பள உயர்வு. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். பிறகு விசாரணைக் கமிஷன் வந்தது. மின்சிங் லேன் தரகரின் ஒரு சொல்லுக்காக டிரையரின் சூட்டை மாற்றத் தயாராக இருந்த அதே மலைகளில், இலை பறிப்பவரின் சொல் மேலே போக ஓர் உயிரும் ஒரு கமிஷனும் தேவைப்பட்டன.

குரலுக்கு வழியில்லாத இடத்தில் ஹிர்ஷ்மன் சொன்ன மற்ற வழி நடக்கும். இன்று தோட்டப் பிள்ளைகள் கண்டிக் கடைகளுக்கும் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். நிர்வாகங்கள் இதற்கு ‘ஆள் பற்றாக்குறை’ என்று பெயர் வைத்து இயற்கைச் சீற்றம் போலப் பேசுகின்றன. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது அது பற்றிய வாதம் முழுக்கச் செலவுக் கணக்காகவே நடந்தது. போனவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று கேட்டவர் சிலரே. அவர்கள் போனதால் ரவுண்டு நீள்கிறது, ரவுண்டு நீண்டதால் இலை முற்றுகிறது, இலை முற்றியதால் கொழும்பு மேசையில் சாயம் மந்தமாகிறது. சுவைஞர் தம்மை அறியாமலே அவர்கள் போனதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சில கம்பனிகள் இப்போது வெளிவாரி முறையைப் பார்க்கின்றன: ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குவது. ரவுண்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் பறிப்பவர் கைக்கு வருவதால் இதில் ஒரு நம்பிக்கை உண்டு. நில உரிமையையும் சேமலாப நிதியையும் தவிர்க்கும் தந்திரமாக இது மாறினால் நம்பிக்கை கெடும். அதைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் எந்த முறையானாலும் இரண்டு காரியங்களை நாளைக்கே செய்யலாம். தரகர் அறிக்கையைத் தமிழில் எழுதி, அந்தக் கொழுந்து எந்த மலையில் எந்த நாளில் பறித்தது என்ற குறிப்போடு தராசடியில் ஒட்டுவது ஒன்று. மற்றது, கொழும்புக்கு மாதிரி அனுப்பும் தாளில் மேலதிகமாக ஒரு நிரல்: ரவுண்டு எத்தனை நாள், மழையா வெயிலா, மலையின் நிலை என்ன. அதை நிரப்ப வேண்டியவர் கணக்கப்பிள்ளை அல்ல; அந்த மலையில் பறித்தவர்களில் ஒருவர், தம் பெயரைப் போட்டு.